நீக்கிய நிறுத்தம்

டிப்போவில் அவளை எல்லோரும் ஃபைலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், போகப்போக ஒட்டிக்கொண்டது. பஸ் கம்பெனி தனக்கென்று ஒரு வெப்சைட் வைத்துக்கொண்டபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார் மேனேஜர். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டிக்கெட் கவுன்டரில் இருந்த அவள்தான் கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பயம் வந்தது. சைட்டைச் செய்து கொடுத்த இடத்திலிருந்து ஒரு பெண் வந்து கொஞ்சம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். மிச்சத்தை இவளே எதையாவது அழுத்தி, அழுத்தியதற்குப் பயந்து, மறுபடி அழுத்திக் கற்றுக்கொண்டாள்.

டயர் ரூமை ஒட்டிய தடுப்பு அறை அவளுக்கு. ரப்பர் வாசனை சேலையில் ஏறிவிடும். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் போனில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் எந்த பஸ் எப்போது கிளம்பும், எங்கெங்கே நிற்கும், கட்டணம் எவ்வளவு, எந்த ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் சைட்டில் ஏற்றுவாள். பஸ்ஸில் யாராவது மறந்துவிட்டுப் போன குடையின் போட்டோவும் ஏறும். குடைகள்தான் அதிகம்.

ஏற்றுகிற ஃபைல் ஒவ்வொன்றும் சைட்டுக்குப் பின்னால் இருக்கிற கிடங்கில் போய் உட்காரும். பார்க்கிற ஜனங்களுக்குப் பக்கங்கள் தெரியும், கிடங்கு தெரியாது. மேனேஜரோ ஒரே தடவையில் திருப்தி அடைகிற மனிதர் இல்லை. “இந்தக் கோடு கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்மா” என்பார். “அந்த ஊர் பேர மேல தூக்கிப் போடுங்க” என்பார். இப்படியே ஒரே அட்டவணை ‘புதுசு’, ‘புதுப் புதுசு’, ‘கடைசி’, ‘கடைசி சரியானது’, ‘சார் பார்த்தது’, ‘சார் மறுபடி பார்த்தது’ என்று கிடங்கு முழுக்கக் கிடந்தது. ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ண வேண்டும் என்று நினைப்பாள். அதற்குள் ஒரு குடை வந்து சேரும்.

அவள் புருஷன் அதே கம்பெனியில் டிரைவர். கல்குவாரி லைன். அவனுக்கு டிப்போ வைத்த பேர் நிதானம். முன்னால் போகிற சைக்கிள்காரனுக்குக்கூட ஹாரன் அடிக்க யோசிப்பான். அவன் பஸ்ஸில் ஏறினால் தூங்கலாம், ஆனால் அவசரத்துக்கு உதவாது என்று ஜனங்கள் சிரிப்பார்கள். அவனோடு வருகிற கண்டக்டருக்குச் சில்லறை என்று பேர். யார் கேட்டாலும் அவரிடம் இல்லாத ஒரு பொருள் அது.

அந்த நிதானம் பஸ்ஸை இடிபட வைத்துவிட்டான் என்று சேதி வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை.

விடாமல் தூறிக்கொண்டிருந்த காலை. குவாரி ரோட்டில் ஒரு வளைவு உண்டு. முன்பு அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது. ரோட்டை அகலப்படுத்திய பிறகு கல் லாரிகள் அந்த வளைவில் கண்மண் தெரியாமல் வர ஆரம்பித்தன. அதனால் நிறுத்தத்தை எடுத்துவிட்டு, லாரிகளை எடை போடுகிற இடத்துக்கு முன்னால் தள்ளிப் போட்டார்கள். வளைவில் எந்தக் காரணத்துக்கும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். அந்த வளைவில்தான் அவன் நிறுத்தினான். பின்னால் வந்த லாரி சறுக்கிக்கொண்டு வந்து பஸ்ஸின் முதுகில் மோதியது. பின்பக்கம் நின்றிருந்த சில்லறை கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு வீக்கமும் சிராய்ப்பும்தான். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் அவனை வீட்டுக்கு அனுப்பினார்.

“ஏங்க அங்க நிறுத்தினீங்க?” என்று அவள் கேட்டாள்.

“ஒரு அம்மாவும் பொண்ணும் மழையில நின்னாங்க. கையக் காட்டினாங்க. பாவமா இருந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன?” என்று சொல்லிவிட்டு, ஒழுகாத குழாயைப் பழுது பார்க்கப் போய்விட்டான்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. அன்றைக்குக் கடையில் விற்காத ரொட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

“பொறந்ததுலேருந்து இவன் இப்படித்தாம்மா. கொசு கடிச்சாக்கூட, பாவம் அதுக்கும் பசிக்கும்னு விடுவான். எவளோ கையக் காட்டினாளாம், இவரு நிறுத்தினாராம். ஏன்டா, கைகாட்டுற மரத்துக்கெல்லாம் நிறுத்துவியா?”

“அக்கா, சாப்பிட விடு.”

“சாப்பிடு, யாரு வேணாங்கிறா. ரொட்டி இன்னும் இருக்கு. வேலைதான் இருக்குமான்னு தெரியல.”

அவன் ரொட்டியைப் பாலில் முக்கி முக்கி, அது கரைந்து கிண்ணத்தில் விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். வேலை இல்லாத நாட்களில் உருளைக்கிழங்கை அத்தனை மெல்லிசாகத் தோல் சீவினான். அவள் ஆபீசிலிருந்து வந்தால் டீ தயாராக இருக்கும். அந்த டீயைக் குடிக்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் விஷயத்தைத் தெரிந்துகொண்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். விசாரணை திங்கட்கிழமை. மேனேஜர் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார். சைட்டுக்கு ஜனங்கள் எழுதுகிற மெயில்களைத் திறந்து, காணாமல்போன குடை, வராத பஸ் என்று ஒவ்வொன்றாகப் பதில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்று இப்படி ஆரம்பித்தது: “வளைவில் எங்களுக்காக பஸ்ஸை நிறுத்திய டிரைவரைப் பற்றி எழுதுகிறேன்.”

எழுதியவள் ஒரு தையல்காரி. மகளை நர்ஸ் படிப்புக்கான நேர்முகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இடிபட்ட பிறகும் அந்த டிரைவர் நெற்றியில் ரத்தத்தோடு ஓடிப்போய் வேறொரு வண்டியை நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டாராம். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். “அவர்மீது நடவடிக்கை என்று கேள்விப்பட்டேன். நாங்கள் இஷ்டத்துக்கு அங்கே நிற்கவில்லை. உங்கள் சைட்டில் அங்கேதான் நிறுத்தம் என்று போட்டிருக்கிறது” என்று முடித்து, போன் திரையைப் படம் பிடித்து இணைத்திருந்தாள்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பச்சை எழுத்தில் தலைப்பு. அவள் எப்போதும் போடுகிற பச்சை. வரிசையில் நான்காவதாக வளைவு நிறுத்தம்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

குவாரி லைன் பக்கத்தைத் திறந்தாள். அதில் புது அட்டவணைதான் இருந்தது. நிறுத்தம் மாறிய அன்றைக்கே மாற்றிவிட்டாள், அதில் சந்தேகம் இல்லை. பிறகு தேடுகிற பெட்டியில், ஊர் ஜனங்கள் தேடுகிற மாதிரி, குவாரி பஸ் என்று அடித்தாள். முதலில் வந்து நின்றது பழைய ஃபைல். ‘கடைசி சரியானது.’

புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இணைப்பை மட்டும் மாற்றியிருந்தாள். ஃபைலைக் கிடங்கிலிருந்து எடுக்கவில்லை. கடை வாசலில் பலகையைக் கழற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்த மாதிரி. தேடுகிறவர்கள் அத்தனை பேரும் பின்கதவு வழியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

மேனேஜருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தார்.

மவுசில் கையை வைத்தாள். அப்போதுதான் வேறொன்று தோன்றியது. இந்த ஃபைல் இப்படியே திங்கட்கிழமை வரை இருந்தால், மேனேஜரைத் தேடச் சொல்லி, அவர் கண்ணாலேயே பார்க்க வைக்கலாம். அவன்மேல் தப்பில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எடுத்துவிட்டால் தையல்காரி அனுப்பிய படமும் அவள் வாய்ச் சொல்லும்தான் மிச்சம். நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவள் செய்த ஃபைல் அவளிடம் இருப்பதில் என்ன அதிசயம்? டிரைவர் பெண்டாட்டி புருஷனுக்காக ஜோடித்தது என்பார்கள்.

வெளியே சாயங்கால பஸ்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தன. குவாரி லைன் பஸ்ஸை ஒரு புது டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தான். கூரையில் மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் இன்றைக்கு யாராவது போனைப் பார்த்துவிட்டு அந்த வளைவில் போய் நிற்கலாம். நாளைக்கும் நிற்கலாம். கையைக் காட்டலாம்.

நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, நீக்கு என்பதை அழுத்தினாள். நிரந்தரமாக நீக்கவா, திரும்பப் பெற முடியாது என்று கேட்டது. ஆமாம் என்றாள். மறுபடி தேடிப் பார்த்தாள். பழைய வரி இன்னும் வந்தது. தொட்டால் உள்ளே ஒன்றுமில்லை. மேஜையில் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல் அழுதாள். மழைச் சத்தத்தில் வாய்விட்டே அழுதிருக்கலாம், யாருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்குப் போனதும் நனைந்த குடையைக்கூட மடக்காமல் கேட்டாள்: “அந்த அம்மா உங்ககிட்ட போனைக் காட்டினாங்களா?”

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். கை நின்றது.

“காட்டினாங்களா இல்லையா?”

“காட்டினாங்க. இங்கெல்லாம் நிக்கக்கூடாதும்மான்னு சத்தம் போட்டேன். நீங்கதான போட்டிருக்கீங்கன்னு ஜன்னல்கிட்ட போனை நீட்டுச்சு. பார்த்தேன். உன் பச்சை எழுத்து. அப்பத்தான் லாரி இடிச்சது.”

“அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்.”

“ம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி? ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வேலை போனாப் போதாதா? எனக்கு ஸ்டியரிங் எங்கயும் கிடைக்கும். லாரி ஓட்டுவேன், வேன் ஓட்டுவேன். நீ அந்த ரூமுக்குப் போக எவ்வளவு கஷ்டப்பட்ட. ராத்திரியெல்லாம் தூக்கத்துல ஃபோல்டர் ஃபோல்டர்னு உளறுவ. அத எப்படி நான்...”

“யாரு உங்கள இந்த வேலையப் பார்க்கச் சொன்னா?” அவள் குரல் உயர்ந்தது. “என் தப்ப நீங்க தூக்கிக்கிட்டா அது தப்பு இல்லாமப் போயிடுமா? நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன். இத்தன நாளா அது அங்கயே கிடந்துச்சு. இன்னொருத்தர் போய் நின்னிருந்தா? லாரி பஸ்ஸ இடிக்காம ஆள இடிச்சிருந்தா?”

அவன் இதை யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

“நான் உன்ன மட்டும்தான் நினைச்சேன்” என்றான்.

“தெரியுது. அதான் கோவமா வருது.”

அக்கா கதவோரத்தில் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அந்த ஃபைலு இப்ப எங்க?” என்றாள்.

“எடுத்துட்டேன் அண்ணி. அதனால இப்ப சைட்டுல காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“நல்ல ஜோடிம்மா. அவன் வாயத் தொறக்கல, நீ இருந்த சாட்சியையும் அழிச்சுட்ட.” சொல்லிவிட்டுக் கிட்டே வந்து அவள் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினாள். “திங்கக்கிழமை நானும் வரவா?”

“வேணாம் அண்ணி. நீங்க வந்தா மேனேஜர் வேலைய விட்டுட்டு ஓடிடுவாரு.”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் நான்கு பேர். அவன், சில்லறை, மேனேஜர், கூப்பிடாமலே உள்ளே வந்து நின்ற அவள். நடந்ததைச் சொன்னாள். இடையில் நிறுத்தாமல், நிறுத்தினால் வராது என்று பயந்து, மூச்சுவிடாமல் சொன்னாள். தையல்காரியின் மெயிலையும் காட்டினாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “சைட்டுல இப்ப இருக்காம்மா அது?”

“இல்ல சார். சனிக்கிழமையே எடுத்துட்டேன். உங்களுக்குப் போன் போட்டேன்.”

“எடுத்துட்டு வந்து, முன்னாடி சைட்டுல இருந்துச்சுன்னு என்கிட்ட சொல்றீங்க. படத்த யாரு வேணா எப்படி வேணா பண்ணலாம். கோவிச்சுக்காதீங்க, நீங்க இவரு மனைவி. என் இடத்துல இருந்து பாருங்க.”

“தெரியும் சார். ஆனா அத வச்சிருக்க முடியல. யாராவது நின்னுடுவாங்க.”

மேனேஜர் தன் போனை எடுத்துக் குவாரி லைன் அட்டவணையைத் திறந்தார். அவர் எப்போதும் பார்க்கிறதுதான், டவுன்லோட் பண்ணி வைத்திருந்தார். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இதுலயும் வளைவு இருக்கே” என்றார், யாரிடமோ சொல்வதுபோல்.

சில்லறை உடையாத கையால் தன் போனைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினார். “என்னதுலயும் பாருங்க சார். ஃபைலம்மா ஏத்தினத அப்பவே இறக்கி வச்சுக்கிட்டேன். வழியில சிக்னல் கிடைக்காது.” அதிலும் தையல்காரி அனுப்பிய படத்தில் இருந்த அதே பச்சைத் தலைப்பு, நான்காவதாக வளைவு. மேனேஜரின் போனில் அதே அட்டவணை இன்னும் வேறு பெயர்களிலும் கிடந்தது. அவர் திருத்தச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒன்று.



“டேய் நிதானம்” என்றார் சில்லறை. “இத்தன நாளா படுத்துக்கிட்டு உன்னத்தான்டா திட்டிக்கிட்டிருந்தேன்.”

“திட்டுங்கண்ணே. நிறுத்தினது நான்தான?”

சில்லறை அவள் பக்கம் திரும்பினார். கட்டுப்போட்ட கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். “ராத்திரில வலி தாங்கல, ஃபைலம்மா.”

“என்னாலதான்ணே” என்றாள். அவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளால் அங்கே நின்றிருக்க முடியாது.

மேனேஜர் முடிவைச் சாயங்காலம் சொன்னார். எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது என்றால் நிறுத்தக்கூடாதுதான். அதனால் டிரைவர் இந்த மாதம் முழுக்க வீட்டில் இருக்கட்டும், பிறகு வண்டிக்கு வரலாம். வேலை போகாது. அவளுக்கு ஒரு மெமோ. “வாங்கிக்கோங்க. அது இல்லாம நான் மேல பதில் சொல்ல முடியாது. அந்தக் கிடங்க முழுக்க ஒழுங்கு பண்ணுங்க. இனிமே கோடு தடிமன் அப்படி இப்படின்னு உங்க உசுர வாங்க மாட்டேன்.” கடைசியில் சொன்னதை அவரே நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த வாரம் அவள் குடைகளைக்கூடத் தொடவில்லை. லைனுக்கு ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்கு ஒரே அட்டவணை. மாறினால் புதுப் பெயர் கிடையாது. பழையதன் மேலேயே புதியதை ஏற்றிவிடுவது, அப்போது எந்தக் கதவு வழியாக வந்தாலும் புதியதுதான் கிடைக்கும். உள்ளே எந்தத் தேதியிலிருந்து என்று பெரிய எழுத்தில். சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் அவன் மத்தியானம் வந்து பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான்.

“இந்தப் பழைய மார்க்கெட் ஸ்டாப்ப எடுத்துடு. மார்க்கெட்டே இல்ல.”

“எப்பலேருந்து?”

“எப்பவோ. நாங்க பழக்கத்துல நிறுத்துறோம். ஏறவும் ஆளில்ல, இறங்கவும் ஆளில்ல.”

“சொல்லவே இல்லியே?”

“நீ கேட்கவே இல்லியே.”

அவள் முட்டியால் அவன் முட்டியை இடித்தாள். தப்பான ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் போய், கிடங்கு வெளிச்சமானது. ஆனால் ஒவ்வொன்றை நீக்கும்போதும் மேனேஜர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கிடங்கில் இருப்பதை எடுக்கலாம். ஜனங்களின் பையில் இருப்பதை எங்கிருந்து எடுப்பது?

“அங்க ஒரு போர்டு வைக்கணும் சார்” என்று மேனேஜரிடம் போய் நின்றாள்.

“எழுதிப் போட்டிருக்கேம்மா. ரோடு ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். வரும்.”

எப்போது வரும் என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் காலை டிப்போவுக்குப் போகிற வழியில் அவள் குவாரி ரோட்டில் இறங்கிக்கொண்டாள். அவனும் கூடவே இறங்கினான், வீட்டில் அவனுக்கு வேறு வேலை இல்லை. ஒரே குடையில் இருவரும் வளைவின் ஓரப் புல்லில் நின்றார்கள். லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. வேலைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்தது, தினமும் ஆனது. சில நாள் யாரும் வரமாட்டார்கள்.

ஒருநாள் ஒரு பெயின்டர் வந்தார். தோளில் மர ஏணி, கையில் டப்பா. வந்தவர் அவர்களுக்குப் பக்கத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டார்.

“அண்ணே, இங்க பஸ் நிக்காது” என்றாள். “எடை போடுற இடத்துக்குப் போயிடுங்க. வாங்க, காட்டுறேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். போனை எடுத்தார். “இங்க பாருங்க. கம்பெனி சைட்டுலயே போட்டிருக்கு. நாலாவது ஸ்டாப். நீங்க யாரு நிக்காதுன்னு சொல்றதுக்கு?”

“அதப் போட்டதே நான்தாங்க.”

பெயின்டர் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சேறு தெறித்த அவள் சேலையைப் பார்த்தார். “அப்ப இது பொய்யா?”

“பழசு.”

“பழசுன்னு இதுல எங்கயும் எழுதலியே?”

“எழுதல. அதுதான் நான் பண்ணின தப்பு.”

ஒரு கல் லாரி உறுமிக்கொண்டு வளைவில் திரும்பியது. மூன்று பேரும் புல்லுக்குள் ஒதுங்கினார்கள். ஏணியின் முன்பக்கத்தை அவன் தூக்கிக்கொண்டான், பின்பக்கத்தைப் பெயின்டர். டப்பாவை அவள் வாங்கிக்கொண்டாள்.

எடை போடுகிற இடத்துக்கு முன்னால் பஸ் வந்து நின்றது. ஏணியை மேலே ஏற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்தபடி பெயின்டர் போனை அவளிடம் நீட்டினார். “இத எப்படிப் போக்குறது? எனக்குத் தெரியாது.” அவள் வாங்கினாள். பச்சைத் தலைப்பை விரலால் அழுத்திப் பிடித்தாள். நீக்கவா என்று கேட்டது. நீக்கினாள். புது அட்டவணையை இறக்கிக் கொடுத்தாள். பஸ் கிளம்பியது.

“டிப்போவுக்கு நேரமாச்சு. போலாமா?” என்றான் அவன்.

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். வளைவின் ஓரத்தில், அவர்கள் நின்ற அதே புல்லில், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்று, ஒரு கையால் போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இருங்க” என்று சொல்லிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் நடையை எட்டிப் போட்டாள்.